மானாப்புல்லும் நமது மேட்டு வளவும்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பேச எழுந்தால் பழைய நினைவுகளைத்தான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அதற்கு நம்மிடம் ஆள் குறைவில்லை. எனக்குப் பிறகு பேச இருப்பவர்கள் அதைச் சிறப்பாகச் செய்வார்கள். எனக்குத் தந்த தலைப்பு "பாடசாலை வளவை அழகுபடுத்தல்". விவசாயப் பாடம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் என்பதால் ரோசாப்பூவைப் பற்றியும் அந்தூரியத்தைப் பற்றியும் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் பேசப்போவது புல்லைப் பற்றி. முன்வரிசையில் இரண்டு பேர் சிரிப்பது தெரிகிறது. பரவாயில்லை.

விஷயம் இதுதான். நூற்றாண்டு நிதியில் ஒரு பகுதியை வளவுக்கு ஒதுக்கியிருக்கிறோம். ஒரு தோட்ட அலங்கார நிறுவனம் வந்து பார்த்துவிட்டு, வகுப்பறைகளுக்குப் பின்னாலுள்ள மேட்டை முழுதாகச் சுரண்டி, பாய்ப்புல் பதித்து, நடுவே வெளிநாட்டு அலங்காரப் புற்களை வைக்கலாம் என்று படம் வரைந்து தந்திருக்கிறது. படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மேடு எப்படிப்பட்டது என்பது இங்கே படித்த எல்லோருக்கும் தெரியும். ஐப்பசி மழையில் அதிலிருந்து சிவப்புத் தண்ணீர் இறங்கி, கானை நிரப்பி, கீழ் வகுப்புகளின் வாசலுக்கு வரும். நாம் படித்த காலத்திலும் வந்தது, இப்போதும் வருகிறது. அதன் அடிவாரத்தில் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள். ஆகவே அந்த மேட்டில் எதை நடுகிறோம் என்பதை அழகை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. அழகும் வேண்டும், மண்ணும் நிற்க வேண்டும். இரண்டையும் தரக்கூடிய புல் நமது மலையிலேயே இருக்கிறது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பதுளையிலிருந்து பசறைக்கு வரும் வழியில் நமுனுகுலை மலையின் சரிவுகளைப் பாருங்கள். தேயிலை இல்லாத, காடும் இல்லாத மேடுகள் தெரியும். சிங்களத்தில் அதைப் பத்தன என்பார்கள். நமது ஆட்கள் அதைத்தான் பத்தனை ஆக்கினார்கள். கொட்டகலைக்குப் பக்கத்தில் ஊருக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. எல்ல, தெமோதரைப் பக்கம் ரயிலில் வரும்போது ஜன்னலுக்கு வெளியே அலை அலையாக அசைவதும் இந்தப் புல்வெளிதான். ஊவாவில் இருப்பதை உலர் பத்தனை என்றும், ஹோட்டன் சமவெளி போன்ற உயர்ந்த இடங்களில் இருப்பதை ஈரப் பத்தனை என்றும் பிரித்துச் சொல்வார்கள். பியர்சன் என்ற தாவரவியலாளர் 1899இலேயே இலங்கைப் பத்தனைகளைப் பற்றி விரிவாக எழுதினார். இவை ஆதியிலிருந்தே புல்வெளிகளா, காட்டை எரித்ததால் உண்டானவையா என்ற விவாதம் அன்று தொடங்கியது. காட்டு மரங்கள் மீண்டும் வராமல் தடுப்பதில் வருடாவருடம் வைக்கப்படும் தீக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை யாரும் மறுப்பதில்லை.

அந்த உலர் பத்தனையின் ராணி மானாப்புல். எலுமிச்சம்புல்லுக்கு, அதாவது சிங்களத்தில் சேர என்று சொல்லிக் கறியில் போடுகிறோமே அதற்கு, இது ஒன்றுவிட்ட சகோதரி. இலையைக் கசக்கினால் வாசம் வரும். தெற்கே அம்பாந்தோட்டை, மாத்தறைப் பக்கங்களில் எண்ணெய் வடிக்கும் பெங்கிரிப் புல்லும் இதே குடும்பம்தான். ஆளுயரம் வளரும், பூ விட்டால் அதற்கும் மேலே போகும். பூக்கதிர் செம்பழுப்பாக, கொத்துக் கொத்தாகத் தொங்கும். மாலை வெயில் பின்னால் இருந்து விழும்போது அந்தக் கதிர் எப்படி இருக்கும் என்று மலையில் கொழுந்து எடுத்தவர்களைக் கேளுங்கள். நிறைகூடையைச் சுமந்து கொண்டு நின்று பார்க்க அவர்களுக்கு நேரம் இருந்ததா என்பது வேறு கேள்வி.

மானாப்புல்லோடு நமக்கு உள்ள உறவு அலங்கார உறவு அல்ல. கோப்பிக் காலத்தில் வந்தவர்களுக்குக் கட்டிக்கொடுத்த முதல் குடிசைகளின் கூரை இந்தப் புல்தான். தகரம் பிறகு வந்தது. மாட்டுக்குப் புல் அறுத்து, கட்டுக் கட்டித் தலையில் தூக்கி வந்த பெண்கள் இந்தச் சபையில் இருப்பவர்களின் அம்மாக்கள், அம்மாயிகள். இலை விளிம்பு கத்தி மாதிரி. எனது அம்மாவின் முழங்கைகளில் அந்தக் கோடுகள் கடைசிவரை இருந்தன. அதனால் "மானாவையா பாடசாலையில் நடப்போகிறாய்?" என்று ஒரு அக்கா என்னிடம் கோபப்பட்டார். அந்தக் கோபம் எனக்கு விளங்குகிறது. கஷ்டத்தோடு சேர்ந்த ஒரு பொருளை அழகு என்று சொன்னால் யாருக்கும் முதலில் வலிக்கும்.

இன்னொன்றையும் இடையில் சொல்லிவிடுகிறேன். "சுதேசப் புல்" என்ற சொல்லை இப்போது எல்லோரும் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். எது சுதேசம், எது வந்தது என்ற கணக்கு நமக்கு இலேசான கணக்கு அல்ல. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை எந்தப் பக்கம் நிறுத்தியது என்பதை இங்கே விளக்கத் தேவையில்லை. இந்த மலையில் கோப்பியும் வந்தது, தேயிலையும் வந்தது, யூக்கலிப்டசும் வந்தது, நாமும் வந்தோம். மானா இங்கேயே இருந்தது. நான் சுதேசப் புல் நட வேண்டும் என்று சொல்வது வந்ததெல்லாம் கெட்டது என்பதற்காக அல்ல. இந்த மழைக்கும் இந்தக் கச்சான் காற்றுக்கும் இந்தச் சரிவுக்கும் பழகிய புல்லுக்கு நாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நிற்க வேண்டியதில்லை என்பதற்காக.

பசறை ஆட்களுக்கு இது புதிய சங்கதியும் அல்ல. தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பிராந்திய நிலையம் நமது பசறையிலேயே இருக்கிறது. பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நடுவதற்கு முன்னர், அந்த மலையில் ஒன்றரை வருடமாவது இரண்டு வருடமாவது புல் வளர்க்க வேண்டும் என்பது தேயிலைத் துறையில் நெடுங்கால விதி. அதற்கு இரண்டு புற்களைச் சிபாரிசு செய்கிறார்கள்: ஒன்று மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த குவாத்தமாலாப் புல், மற்றது நமது மானா. வளரவிட்டு, வெட்டி, அதே மண்ணில் பரப்புவார்கள். நார்வேர் மண்ணுக்குள்ளே போய் உக்கும், வெட்டிய இலை மேலே உக்கும். இடுக்கில்லாமல் இறுகிப்போன மண் மீண்டும் பொலபொலப்பாகும். தேயிலை வேரைத் தின்னும் நெமற்றோடு என்ற நுண்புழுவும் குறையும். நூறு வருடமாக "சுத்தமாகப் புல்லு வெட்டு" என்று சுரண்டியைக் கொடுத்து மேல்மண்ணை ஆற்றுக்கு அனுப்பிவிட்டு, கடைசியில் மண்ணுக்கு வைத்தியம் பார்க்க அந்தப் புல்லையே கூப்பிட வேண்டி வந்தது. நாட்டுக்கு மண்காப்புச் சட்டம் வந்தது 1951இல்.

இனி வெட்டிவேர். உலகம் முழுவதும் வெட்டிவர் என்று சொல்கிறார்கள். பிரெஞ்சு அத்தர்க் கடையிலும் அதே பெயர்தான். அது நமது தமிழ்ச் சொல் என்பது உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். வெட்டி எடுக்கும் வேர், வெட்டிவேர். சிங்களத்தில் சவந்தரா. அம்மாமார் டிரங்குப் பெட்டியில் சேலைக்கு நடுவே ஒரு பிடி வைத்திருப்பார்கள். இந்தப் புல்லின் வேர் பக்கவாட்டில் அலையாமல் நேரே கீழே இறங்கும். நல்ல மண்ணில் ஒரு வருடத்திலேயே மூன்று மீட்டர்வரை போகும். மேலே தூர்கள் ஒன்றோடொன்று நெருங்கி நின்று ஒரு வேலி ஆகும். மழைத்தண்ணீர் வேகமாக இறங்கி வரும்போது வேலி அதை நிறுத்திவைக்காது, வேகத்தைக் குறைத்துப் பரவ விடும். தண்ணீர் கொண்டுவந்த மண் வேலிக்கு மேல்பக்கத்தில் தங்கும். சில வருடங்களில் அங்கே தானாகவே ஒரு படி உண்டாகிவிடும். கல்லுக்கட்டுக் கட்டாமலே கிடைக்கும் படி அது.

1950களில் பீஜித் தீவின் கரும்புச் சரிவுகளில் ஜோன் கிரீன்பீல்ட் என்பவர் இதைச் செய்து காட்டினார். அந்தக் கரும்புத் தோட்டங்களும் நமது ஆட்களைப் போல ஒப்பந்தத்தில் போனவர்களின் வேர்வையில் வளர்ந்தவை. 1980களில் அவரும் ரிச்சர்ட் கிரிம்ஷோவும் உலக வங்கி மூலமாக இந்தியாவில் இதைப் பரப்பி, விவசாயிகளுக்கு ஒரு சிறு கைநூலும் வெளியிட்டார்கள். இப்போது தாய்லாந்து முதல் ஆபிரிக்கா வரை வீதியோரச் சரிவுகளில் நிற்கிறது. நடுவதற்குப் பயன்படும் தென்னிந்திய வகை முளைக்கக்கூடிய விதை தருவதில்லை. கிழங்கோடியாகப் பரவுவதும் இல்லை. நட்ட இடத்தில் நிற்கும். அதுதான் அதன் பெரிய குணம்.

ஆனால் ஒன்றை மிகத் தெளிவாகச் சொல்ல வேண்டும். புல் மேல்மண்ணைப் பிடிக்கும். மலையைப் பிடிக்காது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடிய மண்சரிவு போன்றது ஆழத்திலிருந்து புறப்படுவது. அதற்கு முன்னால் எந்தப் புல்லும் ஒன்றுமில்லை. நமது மேட்டில் நிலம் வெடித்தால், மரமும் கம்பமும் சாய்ந்தால், புதிதாக ஊற்று வந்தால், தெளிவாக ஓடிய தண்ணீர் திடீரென்று கலங்கினால், செய்ய வேண்டியது பிள்ளைகளை அப்புறப்படுத்துவதும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவிப்பதும்தான். நடுவதற்கு முன்னரே அவர்களை அழைத்து மேட்டைக் காட்ட வேண்டும் என்பது எனது முதல் வேண்டுகோள். வெட்டிவேர் நட்டுவிட்டோம், இனிப் பயமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் சொன்னாலும் நம்பாதீர்கள்.

சரி, நடுவது எப்படி? மேட்டின் உயரம் ஏறத்தாழ எட்டு மீட்டர். செங்குத்தாக ஒன்றரை மீட்டருக்கு ஒரு வரிசை என்று வைத்தால் ஐந்து வரிசை வரும். ஒரு வரிசை 40 மீட்டர் நீளம். 15 சென்ரிமீட்டருக்கு ஒரு கன்று என்றால் வரிசைக்கு 270 அளவில், மொத்தம் 1,350. பட்டுப்போகும் இடங்களை நிரப்பவும் சேர்த்து 1,500 கன்று வேண்டும். நன்றாக வளர்ந்த ஒரு தூரைப் பிரித்தால் 20 கன்றாவது கிடைக்கும். ஆகவே 75 தூர் போதும். இதற்குப் பெரிய காசு தேவையில்லை; கைகள்தான் தேவை.

வரிசை சம உயரத்தில் போக வேண்டும். சரிந்தால் தண்ணீர் ஒரே இடத்தில் சேர்ந்து உடைக்கும். சமம் பார்க்கக் கருவி வாங்க வேண்டாம். ஒரே நீளமான இரண்டு கம்புகளை மேலே சேர்த்துக் கட்டி, கால்களை விரித்து, குறுக்கே ஒரு கம்பு கட்டுங்கள். உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். இரண்டு முளைகளில் நிறுத்தி, நூல் குறுக்குக் கம்பில் படும் இடத்தைக் குறியுங்கள். கால்களை மாற்றி நிறுத்தி மீண்டும் குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுப்புள்ளிதான் சமம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இதைப் பத்து நிமிடத்தில் செய்வார்கள். கணிதப் பாடமாகவும் கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

தூரைக் கிண்டி எடுத்து, இலையை ஒரு சாண் அளவுக்கும் வேரை நாலு விரல் அளவுக்கும் கத்தரித்து, இரண்டு மூன்று கிளைப்புகள் சேர்ந்த கன்றாகப் பிரிக்க வேண்டும். ஒற்றைக் கிளைப்பை நட்டால் பாதி பிழைக்காது. வேர் காயக்கூடாது, ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்து, அன்றைக்கே அல்லது மறுநாள் நட்டுவிடுங்கள். ஒக்டோபர் முதல் வாரம் சரியான காலம். மண் நனைந்திருக்கும், அடைமழை இன்னும் தொடங்கியிருக்காது. மழை பிடித்த பிறகு நட்டால் கன்று கானில் மிதக்கும். ஒரு மாதம் கழித்து வெற்றிடம் நிரப்ப வேண்டும். அதற்காகக் கொஞ்சக் கன்றை ஒரு மூலையில் தவறணை போட்டு வையுங்கள். யாழ்ப்பாணத்துச் சகோதரிகள் பயப்பட வேண்டாம். அங்கே தவறணை என்றால் கள்ளு விற்கும் இடம், இங்கே நாற்று வளர்க்கும் இடம்.

வெட்டிவேர் வேலிகளுக்கு நடுவே மானாவை நடலாம், முக்கால் மீட்டர் இடைவெளியில், தனித்தனித் தூராக. நெருக்கி நட்டால் நமது ஈரக் காற்றில் அடி அழுகும். இது முக்கியம். சூடும் ஈரமும் சேர்ந்த இடத்தில் புல்லுக்கு வரும் வியாதியில் பெரும்பாலானது காற்றோட்டம் இல்லாததால் வருவது. வெட்டிய இலையை மண்ணில் பரப்புங்கள், தூரின் மேல் குவிக்காதீர்கள். பசளை போட வேண்டாம்; போட்டால் கொழுத்துப் படுத்துவிடும், நிமிர்ந்து நிற்பதுதானே புல்லுக்கு அழகு! மர நிழலில் இரண்டும் வராது. அங்கே பன்னம் நடுங்கள்.

இலுக்கை மட்டும் மேட்டில் விடாதீர்கள். வெள்ளிக் கதிர் பார்க்க அழகுதான். சிவப்பு இலை வகையை வெளிநாட்டில் விலைக்கு விற்கிறார்கள். ஆனால் கிழங்கோடி ஊசிபோல ஓடும், ஐந்து வருடத்தில் வளவு அதற்கே சொந்தம். ஆசையிருந்தால் அடி உடையாத சீமெந்துத் தொட்டியில் வையுங்கள். ஆற்றோர நாணலும் அப்படியே. நிறுவனத்தின் படத்திலிருந்த தென்னமெரிக்கப் பம்பாஸ் புல்லை நியூசிலாந்திலும் தென்னாபிரிக்காவிலும் களையாக அறிவித்துக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். ஆபிரிக்க நீரூற்றுப் புல் ஹவாயில் தீயைப் பரப்பும் தொல்லையாகிவிட்டது. நமக்குக் கினிப்புல் ஒன்றே போதும்.

பெற்றோர் கேட்கும் கேள்விகள் எனக்குத் தெரியும். பாம்பு வராதா? அடர்ந்த எந்தத் தூரிலும் ஒளியலாம். அதனால்தான் வகுப்பறைச் சுவரிலிருந்து நாலு மீட்டர் விட்டு முதல் வரிசை. வெட்டிவேரை வருடத்துக்கு இரண்டு தடவை முழங்கால் உயரத்துக்கு வெட்டினால் அடி வெளிச்சமாக இருக்கும். தீ? அது நியாயமான பயம். ஆடி, ஆவணிக் கச்சானில் காய்ந்த மானா பெற்றோல் மாதிரி. ஆகவே ஆனி முடிவதற்குள் மானாவை வெட்டிப் பரப்பிவிட வேண்டும். இதைத் தவறவிட முடியாது. விடுமுறைக் காலத்தில் யார் செய்வது என்று இன்றைக்கே பெயர் எழுத வேண்டும். மானா நட்டால் நுளம்பு ஓடிவிடுமா? ஓடாது. வாசம் இலைக்குள்ளே இருக்கிறது, கசக்கினால்தான் வெளியே வரும். இதைச் சொல்லிப் பூச்சட்டி விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள்.

வேரை வெட்டி விற்கலாமே என்று சங்கப் பொருளாளர் கேட்டார். வேலியின் வேரை எடுத்தால் மேடும் சேர்ந்து வரும். வாச வேர் வேண்டுமானால் விளையாட்டுத் திடலின் ஓரத்துச் சமதரையில் தனிப் பாத்தி போடுவோம்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தயவு செய்து இங்கிருந்து விதையோ கன்றோ பெட்டியில் கொண்டு போகாதீர்கள். அவுஸ்திரேலியாவில் விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள், பிடிப்பதும் சரிதான். நீங்கள் இருக்கும் ஊரின் புல்லைத் தேடுங்கள். சிட்னியில், மெல்பேர்னில் கங்காருப் புல் இருக்கிறது. அது நமது பத்தனையில் மானாவோடு வளரும் தெமெடாப் புல்லின் சொந்தக்காரி. ரொறன்ரோவில் உள்ளவர்கள் அந்த நாட்டுப் புல்வெளியின் நீலத்தண்டுப் புல்லை நடலாம். பனிக்குள்ளும் செம்பழுப்பாக நிற்கும். சென்னையில் இருப்பவர்களுக்கு வெட்டிவேரைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

கோபப்பட்ட அக்காவுக்கு நான் சொன்ன பதில் ஒன்றுதான். அம்மாமார் அறுத்தது அடுத்தவன் மலையில். இது நமது வளவு. எங்கே நடுவது, எப்போது வெட்டுவது என்று நாம் சொல்கிறோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தன் வீட்டு வேலியோரத்து வெட்டிவேரில் பத்துத் தூர் தருவதாக நேற்று டெலிபோனில் சொன்னார்.

எனது வீட்டில் 30 தூர் இருக்கிறது. அக்காவின் பத்தோடு நாற்பது. இன்னும் 35 வேண்டும். ஒக்டோபர் முதலாவது சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சிரமதானம். மேட்டைப் பார்வையிட அதிகாரிகளுக்கு எழுதும் கடிதத்தில் அதிபர் இன்று கையொப்பமிடுகிறார். அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் நிறுத்திவிடுவோம். நீண்ட கைச் சட்டை போட்டு வாருங்கள், இலை அறுக்கும். பாடசாலையில் அலவாங்கு இரண்டுதான் இருக்கிறது. கொண்டுவரக்கூடியவர்கள் வாசலில் இருக்கும் கொப்பியில் பெயர் எழுதிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.